தூக்குவிசைக்கு நான் சொன்ன விளக்கம்

நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த கடைசி வருடங்களில் நடந்தது இது. நான் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பிரிவு எஞ்சினியர். ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. அவள் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கேட்பவர்கள் இதெல்லாம் ஒரு தவறா என்பார்கள். அதன் கனம் எனக்குத் தெரியும்.

பொங்கல் விடுமுறையில் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். சென்னையில் விமானப் பொறியியல் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் பருவம் முடிந்து ஊருக்கு வந்தவளின் முகத்தில் களையே இல்லை.

“கணக்கு வருதும்மா. வார்த்தைதான் வரல. டிராக்னு சொல்றாரு, எல்லாரும் எழுதிகினு இருக்காங்க. அது ஒரு பார்ட்டா, இல்ல விசையான்னே எனக்குத் தெரியல.”

“இங்கிலீஷ்ல கேக்க வெக்கமா இருந்தா தமிழ்ல கேக்க வேண்டியதுதானே?” என்றாள் என் மனைவி.

“தமிழ்ல கேட்டா இன்னும் சிரிப்பாங்கம்மா.”

அவள் போன பிறகு என் மனைவி பள்ளித் தேர்வில் மிஞ்சிய வெள்ளைத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கும், அவளைப் போல இனிமேல் போகப்போகிறவர்களுக்கும் ஒரு சிறு அகராதி எழுதுவதாகச் சொன்னாள். ஆங்கிலச் சொல் காதில் விழுகிறபடி முதலில். பிறகு தமிழ்ச் சொல். அதன்பின் நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றை வைத்து ஒரு வாக்கியம். டிராக் என்றால் இழுவை, விமானத்தை முன்னே போகவிடாமல் தடுக்கும் காற்றின் விசை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்துவது அதுதான். திரஸ்ட் என்றால் உந்துவிசை. ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் விட்டால் அது ஓடுவது இதனால்தான். ஃபியூஸிலேஜ் என்றால் விமானத்தின் உடல், ஆட்களும் சாமான்களும் இருக்கும் குழாய். வாக்கியங்கள் எல்லாம் அவளுடையவை. பொருள் மட்டும் என்னிடம் கேட்பாள்.

ஆரம்பத்தில் நன்றாகவே போயிற்று. கம்ப்ரஸர், டர்பைன், பிளேடு எல்லாம் என் வேலையிலும் உள்ளவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் வந்தது. விமானத்தை மேலே தூக்கும் விசை. தூக்குவிசை என்று தமிழ்ப்பெயர் வைத்துவிட்டு, அது எப்படி உண்டாகிறது என்று கேட்டாள்.

கல்லூரியில் என்றோ கேட்டதை எடுத்துவிட்டேன். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கிறது, கீழ்ப்பக்கம் தட்டை. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். பிரிந்த இரண்டு காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். அதனால் மேல்காற்று வேகமாக ஓடுகிறது, அழுத்தம் குறைகிறது, இறக்கை மேலே போகிறது.

அவள் எழுதவில்லை. “ரெண்டு காத்தும் ஒரே நேரத்துல சேரணும்னு என்ன கட்டாயம்? ஒண்ணு முன்ன போனா என்ன?”

“அது இயற்கை விதி.”

“பட்டம் தட்டையாத்தானேங்க இருக்கு? அது எப்படி ஏறுது?”

“பட்டம் வேற, விமானம் வேற. எழுது.”

எழுதினாள்.

விதி என்று நான் சொன்னது விதியே அல்ல. அதைச் சொன்ன அந்த நிமிடமே எனக்குப் பதில் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கண்ட்ரோல் ரூமில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மின் உற்பத்தி யூனிட் நின்றுவிட்டால் அடுத்த நிமிடமே மேலிடத்திலிருந்து போன் வரும், ஏன் நின்றது என்று. ஷிஃப்ட் பார்ப்பவன் ‘தெரியவில்லை’ என்று சொல்லக் கூடாது. ஏதாவது ஒரு காரணம் சொல்லி வைத்துவிட்டுப் பிறகுதான் உண்மையான காரணத்தைத் தேடுவோம். அங்கே அது வேலைக்கு உதவியது. அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பிறகு தேடும் பகுதியை மட்டும் கொண்டுவரவில்லை.

தாள்களை ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பெண்ணுக்குத் தபாலில் அனுப்பினாள். சில வாரங்கள் கழித்துப் போன் வந்தது. செய்முறைத் தேர்வில் தூக்குவிசை பற்றிய வாய்மொழிக் கேள்வி. எங்கள் தாளில் இருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். இது தவறு, யார் சொல்லிக்கொடுத்தது என்று விரிவுரையாளர் கேட்க, இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். “ஓ, உனக்குத் தமிழம்மாதான் ஏரோடைனமிக்ஸ் நடத்துறாங்களா?” என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அந்தப் பெண் குறையாகச் சொல்லவில்லை. அடுத்தவர்களுக்குப் போகும் முன் திருத்திவிடலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. நான்தான் தப்பா எழுதிட்டேனோ?”

நான் “இருக்கும்” என்றேன்.

இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தவறான விளக்கம் கொடுத்தது அறியாமை. இந்த ‘இருக்கும்’ அறியாமை அல்ல. அவள் எழுந்துபோய்த் தாள்களை எல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டாள். “தமிழ் டீச்சர் தமிழ் நடத்தினா போதும்” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. அவள் திட்டவில்லை. மாலைகளில் டிவி பார்க்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் சாப்பிடும்போது, விமானத்தின் வால் எதற்கு, ராக்கெட் ஏன் பாகம் பாகமாகக் கழன்று விழுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பவள், இப்போது குழம்பில் உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள்.

கோடை விடுமுறையில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கையில் வடலூரில் வாங்கிய பலாப்பழம். அதை வைத்த கையோடு, “மிச்ச வார்த்தைங்க எங்கம்மா?” என்றாள்.

“இல்லடி, விட்டுட்டேன். உன்னை அவமானப்படுத்தினது போதும்.”

“ஒண்ணுதானேம்மா தப்பு. மத்ததெல்லாம் சரி. ஹாஸ்டல்ல தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த புள்ளைங்க எல்லாம் அதத்தான் படிச்சிகினு இருக்குதுங்க. அதுக்கப்புறம் என்னன்னு என்னத்தான் கேக்குதுங்க.”

“வேணாம்டி. எனக்குச் சொன்னா ஒழுங்கா எழுதத் தெரியல. நீ வேற யாரையாவது பாரு.”

நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பதுபோல் இருந்தேன் என்பதே சரி. இப்போதும் சும்மா இருந்தால் அந்தத் தாள்கள் பரணை விட்டு இறங்கவே போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

“அவங்க தப்பா எழுதலம்மா” என்றேன். “நான் சொன்னதே தப்பு. பட்டம் எப்படி ஏறுதுன்னு அவங்க அப்பவே கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். அப்புறம் பழிய அவங்க மேலயே போட்டுட்டேன்.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஒன்று அந்தப் பெண்ணுக்கு, ஒன்று அவளுக்கு.

“சாருக்கு?” என்றாள் பெண், மெதுவாக.

“சாருக்கு எல்லாம் தெரியும். டீ போடவும் தெரியும்.”

பிறகு பெண்ணின் பக்கம் திரும்பி, “நீ சொல்லு. எப்படித்தான் ஏறுது?” என்றாள்.

அந்தப் பெண் உள்ளங்கையைத் தரையைப் பார்த்தபடி நீட்டினாள். “பஸ்ஸு வேகமா போறப்ப கைய வெளிய நீட்டியிருக்கீங்களாம்மா? இப்படிப் படுக்கையா வெச்சா சும்மா இருக்கும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினா கை மேல போவும். கை காத்தக் கீழ தள்ளுது, காத்து கையை மேல தள்ளுது. அந்தச் சாய்வுக்குப் பேரு ஆங்கிள் ஆஃப் அட்டாக். மேல்காத்து வேகமா போறது நெசந்தான். ஆனா சேந்து போவணும்னு ஒண்ணும் இல்ல. மேல்காத்துதான் முன்னாடியே போயிடுமாம்.”

“அப்ப இறக்கை காத்தைக் கீழ திருப்பி விடுது.”

“ஆமாம்மா.”

டீ போட எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. டர்பைன் பிளேடு நீராவியைத் திருப்பிவிடுவதால்தான் சுழல்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருப்பது அது. அவள் கேட்ட அன்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பதில் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதையும் சொன்னேன். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா என்னவாம்?” என்றாள் என் மனைவி. என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து தாள்கட்டை எடுத்துக் கொடுத்தேன். தூசியைத் தட்டிவிட்டு, தூக்குவிசை இருந்த தாளை உருவிக் கிழித்தாள். புதுத்தாளில் பஸ் ஜன்னலில் நீட்டிய கையை எழுதினாள். கை நீட்டக் கூடாது, கண்டக்டர் திட்டுவார் என்று கீழே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தாள்.

எழுதி முடித்த தாள்களை அந்தப் பெண் எடுத்துப்போய், கிண்டல் செய்தாரே, அதே விரிவுரையாளரிடம் திருத்தக் கொடுத்தாள். அது என் மனைவியின் யோசனை. விஷயம் தெரிந்தவரிடம் கேட்பதில் என்ன வெட்கம் என்றாள். தாள்கள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். “இது நீங்க சொன்னது. இதுவும் நீங்க. இது நான், எழுத்துப்பிழை.” அவ்வளவு சந்தோஷமாக யாரும் பிழை எண்ணி நான் பார்த்ததில்லை. கடைசித் தாளில் அவர் தமிழிலேயே எழுதியிருந்தார்: ராக்கெட், செயற்கைக்கோள் சொற்களையும் சேர்த்தால் என் மாணவர்களுக்கும் கொடுப்பேன்.

ராக்கெட் பற்றி எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த ஞாயிறு டவுன்ஷிப் நூலகத்துக்குப் போனோம். கிடைத்த புத்தகத்தை மேசையில் நடுவே விரித்துவைத்துச் சேர்ந்து படித்தோம். பேலோடு, அதாவது சுமை, என்ற சொல்லில் அவள் விரல் நின்றது.

“செயற்கைக்கோள் அவ்வளவு ஒசத்தியான பொருள். அத ஏங்க சுமைங்கிறாங்க?”

“ராக்கெட் அதைத் தூக்கிட்டுப் போறதால இருக்கலாம். பாத்துட்டுச் சொல்றேன்.”

அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். நான் செய்ததை அவள் மன்னித்தாளா என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் தாளில் ‘பேலோடு’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவிட்டு, “இந்த ஆர்பிட்னா என்ன, அதையும் பாருங்க” என்றாள்.