சாவி மத்து

பக்கத்து வீட்டு அக்காவின் தாழ்வாரத்துத் தூணில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அறைந்திருக்கும். பலகையின் மேல் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதன் வயிற்றுக்குள் எஃகுப் பட்டை ஒன்று சுருண்டு கிடக்கும். மேலே மாவு அரைக்கும் ஏந்திரக் கல்லுக்கு இருப்பதுபோல ஒரு மரக் கைப்பிடி. பக்கத்தில் சைக்கிளின் பல்சக்கரங்கள், ஒரு சங்கிலி. சங்கிலி போய்ச் சேருகிற இடத்தில், தயிர்ப்பானைக்குள் இறங்கி நிற்கும் மத்து. கைப்பிடியைச் சுற்றினால் கடக் கடக் என்று உள்ளே அந்தச் சுருள்வில் இறுகும். நன்றாக இறுகியபின் ஒரு முளைக்குச்சியை உருவிவிட்டால் மத்து தானாகச் சுழலும். கெடிகாரத்துக்கும் இசைத்தட்டு போடும் பாட்டுப் பெட்டிக்கும் சாவி கொடுப்பதைப் பார்த்திருந்த எங்கள் தெரு, இதற்குச் 'சாவி மத்து' என்று பேர் வைத்தது. திருத்தணி மலையடியில் அப்படி ஒன்று வேறு வீட்டில் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. அக்காவுக்கு ஒரு கை இல்லாததால்தான் அது அந்த வீட்டுக்கு வந்தது.

நான் நகரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை வண்டிக்குப் போனால் விளக்கு வைக்கும்போது வருவார். பிறந்த வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த எனக்கு இங்கே வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது என் போன்றவளுக்கு வயிற்றைக் காயப்போடுவது மாதிரி. பள்ளிக்கூடம் அதிகம் போனவளும் இல்லை. மளிகைப் பொட்டலக் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பொழுதை ஓட்டினேன். மாமியார் கெட்டவர் அல்ல. ஆனால் மருமகள் வாசற்படி தாண்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வருகிற பெண்களைப் பற்றி அவர் நாக்கில் நல்ல வார்த்தை வந்ததே இல்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். கல்யாணமான புதிதில் திருவாலங்காட்டில் கரும்பு ஆலையில் வேலை செய்யும்போது இடது கை மணிக்கட்டு வரைக்கும் உருளைக்குள் போய்விட்டதாம். பின்னால் புருஷனும் காய்ச்சலில் போய்விட்டார். மிச்சம் இருந்தது இரண்டு எருமையும் அந்தச் சின்ன வீடும். ஒரே கையால் பால் கறப்பாள், சாணி வாருவாள், கிணற்றில் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு தண்ணீர் சேந்துவாள். அவளால் முடியாதது ஒன்றுதான். தயிர் கடைவது. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் இரண்டு கையால் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு கை. அதனால் ஒரு நுனி அவளுக்கு, மறு நுனிக்கு இன்னோர் ஆள். மறு நுனி பிடிக்க வருகிறவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். அந்த மோருக்காக என் மாமியார் தினமும் காலையில் என்னை அனுப்பினார். எனக்கு அது மோர் வாங்கப் போகிற இடமாக இருந்ததில்லை. வாய் திறக்கிற இடமாக இருந்தது.

பானைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் இழுத்தால் நான் விட வேண்டும், நான் இழுத்தால் அவள் விடுவாள். பேச்சும் அப்படியே போய் வரும். நான் தப்பும் தவறுமாகத் தமிழ் பேசுவேன். அவள் ஒரு நாளும் திருத்தியதில்லை. "உன் தமிழு கல்லு பொறுக்காத அரிசி மாதிரி கீது. இருந்தா இன்னா, பசிக்குத் திங்கலாம்" என்பாள். என் மாமியாரைப் பற்றி, "அவங்க தும்முனாகூடத் தெருவே எழுந்து நிக்கணும்" என்பாள். தன் எருமைகளில் சின்னதைப் பற்றி, "அது ராணி. நான் அதுக்கு வேலைக்காரி. இன்னும் சம்பளம் பேசல." இப்படி அவள் வாயில் வந்ததையெல்லாம் நான் முந்தானையில் முடிந்துகொண்டு வருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவருவேன். வெண்ணெய் திரண்டுவிட்டால் மனசுக்குள் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும். இனி நாளைக்குத்தான்.

அக்காவின் புருஷனுக்கு ஓர் அண்ணன், திருவாலங்காட்டில் நெல்லும் கரும்பும் பயிர் செய்கிறவர். அவரை அவள் 'பாவா' என்று கூப்பிடுவாள். அவருக்கு ஒரே பேச்சு: வீட்டை விற்றுவிட்டு, எருமைகளை ஓட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிடு. அதட்டிச் சொல்லமாட்டார், பரிவாகத்தான் சொல்வார். "ஊரார் வூட்டு மருமவளை நம்பி எத்தினி நாளைக்கும்மா குடித்தனம் பண்ணுவே? அது நாளைக்கு மாசமா ஆயி அம்மா வூட்டுக்குப் போச்சின்னா உன் பொழப்பு இன்னா ஆவும்?" ஆடிக் கிருத்திகை முடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. அன்று கயிறு இழுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்க போனா எனக்குச் சோறு கிடைக்கும், பொண்ணே. ஆனா தண்ணி குடிக்கணும்னாலும் கேட்டுதான் குடிக்கணும்" என்றாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் அவளிடம் நெய் வாங்குகிறவர். பாட்டுப் பெட்டியும் ரிப்பேர் செய்வார். ஒருநாள் நெய் கொடுக்கப் போனவள், பெட்டி சாவி கொடுத்ததும் தானாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சாவி கொடுக்க ஒரு கை போதும். அவ்வளவுதான் அவள் யோசித்தது. பாய் முதலில் சிரித்தாராம். பிறகு அரக்கோணத்துப் பழைய இரும்பு வியாபாரியிடம் தேடி, எந்த இயந்திரத்திலிருந்தோ கழற்றிப் போட்ட பெரிய வில் ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டுப் பெட்டி வில்லுக்குத் தயிரைக் கடைகிற தெம்பு கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தயிரைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் தெருவே கூடி நின்றது. அக்கா சாவி கொடுத்தாள், குச்சியை உருவினாள், மத்து விர்ரென்று சுழன்றது. சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. வெண்ணெய் வரவில்லை. பானைக்குள் தயிரும் மத்தோடு சேர்ந்து சுற்றி வந்தது, தேரோடு போகிற கூட்டம் மாதிரி. திரும்பத் திரும்பச் சாவி கொடுத்து அவள் தோள் வீங்கியதுதான் மிச்சம். எதிர்வீட்டுக்காரி, "தயிருக்குத் தலை சுத்தல் வந்துட்ச்சி, சோடா வாங்கிக் குடு" என்றாள். பாய் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அக்காதான் பானைக்குள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "கயிறு போவும், வரும். வரும்போதுதான் தயிரு ஒடையுது. இது போயிகினே கீது பாய்." மத்தைத் திருப்பிச் சுழல வைக்க வில்லுக்கு வழியில்லை. அதனால் பாய் மூங்கில் தப்பைகளைச் சீவி, பானையின் உட்புறத்தில் ஒட்டினாற்போல நிற்கும்படி ஒரு கூடு கட்டிக் கொடுத்தார். சுற்றி வருகிற தயிர் அதில் மோதி மோதி உடைந்தது. மறுவாரம் வெண்ணெய் திரண்டது. அக்கா ஒரு உருண்டையை வழித்துப் பாயின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, கடைக்குப் போகிற வரைக்கும் யாரோடும் பேசவில்லை என்று சொல்வார்கள்.

கிருத்திகைக் காவடிக் கூட்டம் வடிந்ததும் பாவா வந்தார். அவள் அவரை உட்கார வைத்து, எதிரிலேயே ஒரு பானைத் தயிரைக் கடைந்து, மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்று எழுந்து போனார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே ஜெயித்த மாதிரி இருந்தது. திரும்பினால் மாமியார். "இனிமே உனக்கு அங்க இன்னா வேலை? அதான் மிஷினு வந்துட்ச்சே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மோர் நின்றுபோன வருத்தம் கொஞ்சம் இருந்தது.

அதற்குப் பிறகு காலை என்பது சத்தமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கடக் கடக் என்று வில் இறுகும். அப்புறம் சங்கிலி ஓடும். ஓய்ந்ததும் மறுபடியும் கடக் கடக். நடுவில் பேச்சுக் குரல் கேட்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் அவள் மட்டும்தான். "சின்னது இன்னிக்கும் பால் சுரக்கல, கோவம் அதுக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள், எதிராளி பதில் சொல்ல இடம் விடுகிறவள் மாதிரி. பிறகு, "ஆங், அதுவும் சரிதான்" என்பாள். நான் இந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன். சுவர் என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். அதைத் தாண்டிக் குரல் கொடுத்தால் தெருவுக்கே கேட்கும். குரல் கொடுத்து என்ன சொல்வது? வேலை ஒன்றும் இல்லை, பேசத்தான் கூப்பிட்டேன் என்றா?

மார்கழிப் பனியில் ஒரு காலை அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். மிஷின் ரிப்பேர், வில் அறுந்துவிட்டது போலிருக்கிறது, பாய் ஊரில் இல்லை, பொண்ணை அனுப்ப முடியுமா என்று மாமியாரிடம் கேட்டாள். மாமியார் சொம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் போனபோது சாவி மத்து கோணிச் சாக்கு போர்த்தி நின்றது. பழைய கயிறு எண்ணெய் தடவித் தயாராக இருந்தது. என்ன ஆயிற்று என்று சாக்கைத் தூக்கப் போனேன். "அதைத் தொடாத, தூங்கட்டும்" என்றாள். புரிந்தது. உட்கார்ந்து மறு நுனியைப் பிடித்தேன். அவள் இழுத்தாள், நான் விட்டேன். அன்றைக்கு நாங்கள் பேசின பேச்சில் வெண்ணெய் திரண்டது கூடத் தெரியவில்லை. கட்டியாகி மத்தில் மோதியபோதுதான் பார்த்தோம்.

அப்படிச் சில நாள் போயிற்று. அவள் முகத்தில் எண்ணெய் பூசினாற்போல ஒரு பளபளப்பு வந்தது. எனக்கும் வந்திருக்கும், எங்கள் வீட்டில் கண்ணாடி சின்னது. ஆனால் மிஷின் கெட்டுப்போன செய்தி பால்காரர்கள் வாயில் ஏறித் திருவாலங்காடு வரைக்கும் போய்விட்டது. ஒரு காலை நாங்கள் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. எருமைகளைக் கட்டக் கயிறும் வண்டியில் இருந்தது. சத்தம் கேட்டு என் மாமியாரும் வந்துவிட்டார். பாவா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, போர்த்திக் கிடந்த மிஷினைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லலியாம்மா? இரும்பு எத்தினி நாளைக்கு வரும்? பிடிவாதம் போதும். எழுந்து வா" என்றார்.

அவள் எழவில்லை. கையில் கயிறு இருந்தது. மிஷின் ஓடாது என்றால் வண்டியில் ஏற வேண்டும். ஓடும் என்றால் என் மாமியார் எதிரில் நிற்கிறார். அவள் என்னைத்தான் பார்த்தாள். பானையில் தயிர் ஒரு சுற்று சுற்றி நின்றது. பிறகு கயிற்றை விட்டாள். அவள் விட்டதும் என் கையில் இருந்த நுனி தொங்கிப்போயிற்று. எழுந்து சாக்கை உருவினாள். கயிற்று மத்தை எடுத்துவிட்டு, தப்பைக் கூட்டைப் பானைக்குள் இறக்கி, மிஷின் மத்தை மாட்டினாள். கைப்பிடியில் தோளைச் சாய்த்துச் சாவி கொடுத்தாள். குச்சியை உருவினாள். சங்கிலி ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது.

"ரிப்பேருன்னாங்களே" என்றார் பாவா.

"ரிப்பேருதான் பாவா. இப்ப சரியாயிட்ச்சி."

என் மாமியார் மிஷினைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வா. வூட்ல வேலை கீது" என்றார். சொம்பை அங்கேயே வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன். பாவா வண்டியைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

பல நாள் கழித்துக் கிணற்றடியில் அவளைத் தனியாகப் பார்த்தேன். கயிற்றைப் பல்லில் கவ்வியிருந்தவள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கோச்சிக்கினியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "வூடும் வேணும், நீயும் வேணும்னு பார்த்தேன். ரெண்டுத்தையும் புடிக்க ஒரு கை பத்தல" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு என் வீட்டுக்காரருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் அரக்கோணம் வந்துவிட்டோம். அக்கா கடைசி வரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்தாள், யாரையும் கேட்காமல் தண்ணீர் குடித்தாள் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது நானும் என் வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் வந்து கூப்பிடுகிறார்கள், போக மனசில்லை. அவர்கள் வாங்கிக் கொடுத்த பெட்டிகள் பொத்தானை அமுக்கினால் எல்லாம் செய்கின்றன. மாடி வீட்டுப் பெண் வடக்கேயிருந்து வந்தவள், அவளுக்குத் தமிழ் வராது. மாலையில் படியிறங்கி வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று கதவருகில் தயங்கி நிற்பாள். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் ஊறுகாய் ஜாடியை எடுத்து மூடியை நன்றாக இறுக்கிவிட்டு, "இதைக் கொஞ்சம் திறந்து குடும்மா, எனக்கு முடியல" என்று நீட்டுவேன். என் கைகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.