பொன்னையா அப்பு சொல்லாமல் விட்ட உத்தரவு

இலங்கையின் மாத்தளை மலையில் உக்குவளைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடந்த கறுப்புப்பாறைத் தோட்டத்தில் பொன்னையாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பெரிய துரையின் பங்களாவில் அவர் சமையற்காரர். அதனால் எல்லோருக்கும் அவர் 'அப்பு'. வெள்ளைச் சாரம், பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு. கால் மட்டும் வெறுங்கால். பங்களாவுக்குள் செருப்புப் போடத் துரைக்கும் அவர் மனைவி துரைசாணிக்கும் மட்டும்தான் உரிமை இருந்தது.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுக் கொடுத்து எட்டொன்பது வருஷமாகியிருந்தது. அந்தச் சேதி மலைக்கு மட்டும் ஏறி வரவில்லை. துரை வாயிலிருந்து வருவதுதான் அங்கே சட்டம். மழை கொட்டினாலும் பங்களாவைத் தாண்டும்போது குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு விருந்தாளி வந்தாலும், ஆடு வாங்கினாலும், பெண்ணை வெளித்தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாலும் அவரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டு வந்துவிட்டான் என்று அவன் குடும்பத்தையே சட்டிபானையோடு ரோட்டில் இறக்கிவிட்டார். பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று ஆக்கப்பட்ட சனம் யாரிடம் போய்ச் சொல்லும்?

"கண்டியில ராசா போயி எம்புட்டுக் காலமாச்சு. நம்ம மலையில இன்னும் போகல" என்று ராசையா முணுமுணுப்பான். தோட்டத்தில் யார் செத்தாலும் பாடைக்கு முன்னால் தப்படித்துப் போகிறவன் அவன். அந்த முணுமுணுப்பும் துரையின் ஜீப் சத்தம் அடங்கிய பிறகுதான்.

பொன்னையா அதைக்கூடச் சொன்னதில்லை. துரை கோபக்காரர்தான், ஆனாலும் தன்னை வைததில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஓர் ஐப்பசியில் அவர் மனைவி சுந்தரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கேட்டு வாங்கிக் கொடுப்பதற்குள் ஆள் போய்விட்டாள். செய்தி சொல்லப் போனபோது துரை விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொஞ்சாதி செத்தது பாவம், அப்பு. நீ போ. டீக்கு வந்துடு. தப்பு வேணாம். தொரைசாணிக்குத் தலைவலி. தெரியும்?"

"சரிங்க தொரை."

இடுகாட்டுக்குப் பாதை பங்களாவின் கீழாகத்தான் போகிறது. பொன்னையா லயத்துக்கு வந்து ராசையாவின் கையிலிருந்த தப்பைக் கீழே வைக்கச் சொன்னார்.

"அண்ணே, அக்காவ எப்புடிண்ணே சும்மா தூக்கிட்டுப் போறது?"

"தொரை சொல்லிட்டாரு."

ஈரச் சருகில் கால்கள் சளக் சளக்கென்று மிதிபட்ட சத்தம் மட்டுமே கேட்டது. அழுத பெண்களையும் பாதையின் அந்த வளைவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். மண் தள்ளிவிட்டுக் குளித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, பொன்னையா தேநீருக்குப் போய்விட்டார். கோப்பையிலிருந்து தட்டில் கொஞ்சம் சிந்தியது. துரைசாணி முகத்தைச் சுளித்தாள்.

அன்றோடு மகள் பரிமளம் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள் அவள். கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: "அம்மாவ நாயத் தூக்கிப் போடுற மாதிரிப் போட்டுட்டீங்க."

பொன்னையா லயத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டார். பங்களாவின் குசினிக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டார்.

மறு வருஷம் மழைக்காலத்தில் பாலாமணி என்ற இளம்பெண் பிரசவத்தில் செத்தாள். பிள்ளையும் தங்கவில்லை. கணக்குப்பிள்ளை வந்து சொன்னதும் துரை பொன்னையாவைக் கூப்பிட்டார்.

"போய்ச் சொல்லு, தப்பு இல்ல. ஒன் பொஞ்சாதிக்கு அடிச்சதா? இல்ல. நீயே கேட்டுக்கிட்ட. அவங்களும் கேக்கணும்."

பொன்னையா "சரிங்க" என்றார். சரிவில் இறங்கும்போதுதான் அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. சுந்தரம்மாவைச் சத்தமில்லாமல் தூக்கியது துரைக்கு ஒரு சட்டமாகிப் போயிருந்தது. இனி இந்த மலையில் யார் செத்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் வாயை அடைப்பார்கள். பாதி வழியில் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை தலையில் இறங்கியது.

லயத்து வாசலில் பாடை கட்டி முடிந்திருந்தது. கூரைக்கு அடியில் சருகைக் கொளுத்தி ராசையா தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எல்லோரும் திரும்பினார்கள். என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று தெரியாதவர் அங்கே யாருமில்லை.

"சொல்லுங்கண்ணே. தொரை என்ன சொன்னாரு?"

பொன்னையா கூட்டத்தில் பரிமளத்தைத் தேடினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொரை சொன்னத விடு. நீ அடி."

ராசையா எழுந்திருக்கவில்லை. "வெளையாடாதீங்கண்ணே."

"அடிடா. என் பொஞ்சாதிக்கும் சேத்து அடி."

தப்பு முழங்கியது. பாடை பங்களாவுக்குக் கீழே வந்தபோது துரை கைத்தடியோடு ஓடிவந்து வழியை மறித்தார். தடியின் இரும்பு முனையால் தப்பின் தோலைக் குத்திக் கிழித்தார். பிறகு பொன்னையாவைப் பார்த்தார். கண்ணில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூடுதலாக இருந்தது.

பாடையைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். முதலில் ஒரு பெண் சேற்றில் உட்கார்ந்தாள். அது பரிமளம். அடுத்து மற்றப் பெண்கள். வாயைப் பொத்தச் சொன்ன அதே வளைவில் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். குடையை மடக்கியது, ஆடு வாங்கக் கைகட்டி நின்றது, ரோட்டில் இறங்கியது எல்லாம் அந்த அழுகையில் வந்தது. துரை ஏதோ கத்தினார். யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் பிரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. அதற்கடுத்த நாளும். அரிசி கொடுப்பதைத் துரை நிறுத்தினார். சனம் பலாக்கொட்டையும் கீரையும் அவித்துத் தின்றது. மூன்றாம் வாரம் பொலிஸ் வந்தது. லயத்துக்குள் புகுந்து அடித்தார்கள். ராசையாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. அதன் பிறகு அந்தக் கையால் சோறு பிசையக்கூட முடியவில்லை.

பசி பொறுக்காமல் சனம் வேலைக்குத் திரும்பியது. சில மாதத்தில் கம்பெனி துரையைச் சீமைக்கு அழைத்துக்கொண்டது. புதிதாக வந்தவர் தப்பைத் தடுக்கவில்லை. கூலியும் கூரையும் பழையபடிதான். ராசையா குடும்பமும் பொன்னையாவும் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ராசையா இரத்தோட்டைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அதற்குமேல் தகவல் இல்லை.

மாத்தளை டவுனில் ஜமால்தீன் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் பொன்னையாவுக்கு இடம் கிடைத்தது. முதலாளி ஒருநாள் கேட்டார், "அங்க நல்லாத்தானே இருந்தீங்க அப்பு. என்னத்துக்கு இந்த வேல பாத்தீங்க? சொல்லுங்களே."

பொன்னையா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "வயித்துக்காகன்னா எப்பவோ செஞ்சிருக்கணும் மொதலாளி. அதுவரைக்கும் அவரு எங்கள என்னா செஞ்சாலும் அவரு செஞ்சதாத்தான் இருந்திச்சி. அன்னிக்கு எம் பொஞ்சாதியச் சாட்டி, என்னைய வச்சே அடுத்தவங்க வாயப் பொத்தச் சொன்னாரு. அதான்."

பரிமளம் கடைக்கு வந்துபோகத் தொடங்கினாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தார்கள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஆளுக்கு இத்தனை என்று சனத்தைப் பிரித்துக்கொண்டபோது, அவள் குடும்பம் இந்தியாவுக்கு என்றாகியது. எழுபத்திரண்டில் ஒரு காலை மாத்தளை ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே அவள் நின்றாள்.

"நீங்களும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருக்கலாமேப்பா."

"அங்க எனக்கு யாரத் தெரியும்? அம்மா இங்கதானே கெடக்குறா."

ரயில் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று பொன்னையா கடைக்கு நடந்தார். நடக்கிற வழியெல்லாம், தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பிள்ளைகளை அவள் எப்படித்தான் சமாளிப்பாளோ என்று நினைத்துக்கொண்டே போனார்.