கோட்டையைக் கவிழ்த்தது யார்?

"இந்த உலகத்துல நான் யாரையும் நம்பினது கிடையாது. அதனாலதான் என்னை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல."

இந்தத் திருவாசகத்தை சீல் சார் உதிர்த்தது தம் கல்யாண வரவேற்பில், மாமனாரின் முகத்தைப் பார்த்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு. மாமனார் கைதட்டினார். வேறென்ன செய்வார்?

சரக்கு லாரிகளின் கதவுக்கு ஈய முத்திரை வைப்பது சீல் சாரின் உத்தியோகம். கம்பியைக் கோத்து, ஈய வில்லையை இடுக்கியால் நசுக்கி, இழுத்துப் பார்ப்பார். லாரி கிளம்பியதும் கேட் வரை கூடவே ஓடி மறுபடி இழுத்துப் பார்ப்பார். டிரைவர்கள் 'சீல் சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை அடங்காது. சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் மோர் ஊற்றிக்கொள்வார். கம்ப்யூட்டரின் கேமராக் கண்ணில் பிளாஸ்திரி. 'இந்த புரோகிராமை நம்புகிறீர்களா?' என்று திரை கேட்கும்போதெல்லாம் 'இல்லை'யை அழுத்தி அழுத்தி, கால்குலேட்டரைத் தவிர அதில் எதுவும் ஓடாது. கால்குலேட்டர் சொன்ன விடையையும் விரல் விட்டுச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு காலத்தில் ராஜ்ஜியம் ஆண்டார். மனைவியின் தம்பி கல்லூரியில் படிக்க வந்து இவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் கொண்டுவந்தான். கோட்டை கட்ட வேண்டும், ஜனங்களுக்குச் சோறு போட வேண்டும், படை திரட்ட வேண்டும். ஆளுக்கொரு கோட்டை. சீல் சாருடைய கோட்டைக்கு மதிலே மூன்று அடுக்கு.

ஒரு சாயங்காலம் ஆட்டத்தைத் திறந்தவர், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் பூட்டின் ஞாபகம் வந்து எழுந்து போனார். திரும்பி வந்தால் களஞ்சியம் காலி, படை கம்பி நீட்டிவிட்டது, மதில் தரைமட்டம். அறையில் இருந்த ஒரே ஜீவன் மைத்துனன், கட்டிலில் கால்மேல் கால் போட்டு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணின?"

"நான் தொடவே இல்ல மாமா."

"தொடாம கோட்டை விழுமா? பூகம்பமா வந்துச்சு?"

"சத்தியமா மாமா."

"பண்ணினவன்தான் சத்தியம் பண்ணுவான்."

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மைத்துனன், அதன்பின் மாமா வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் அக்காவைப் பார்க்க வந்தான். ஆட்டத்தின் சிடி, முன்பு சேமித்து வைத்திருந்த கோட்டையோடு, ஒரு டப்பாவில் தடயப் பொருளாக ஈய முத்திரையோடு அலமாரியேறியது. மைத்துனனுக்குத் தலையும் நரைத்தது, விசாரணை மட்டும் முடிந்தபாடில்லை.

போன மாதம் அவன் குடும்பத்தோடு வெளிநாடு போவதாகச் செய்தி வந்தது.

"கிளம்பறதுக்குள்ள ஒரு வேளை அவன் இங்க சாப்பிடணும். நீங்க வீட்ல இருக்கறப்ப" என்றார் மனைவி.

"விசாரணை முடியட்டும்."

"அப்ப முடிச்சுத் தொலைங்களேன்! நான் சாகறதுக்குள்ள தீர்ப்பு வருமா?"

சீல் சார் முத்திரையை உடைத்தார். ஆட்டத்தை ஓடவிட்டு, யாரும் தொடாமல் கோட்டை விழாது என்று நிரூபிப்பது அவர் திட்டம். ஆனால் புதுக் கம்ப்யூட்டர், 'இந்த ஆட்டம் இதில் ஓடாது' என்று கையை விரித்தது.

"பாத்தியா, சாட்சியை மறைக்குது" என்றார்.

மனைவி தம்பிக்கு போன் போட்டார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. குற்றவாளியே தடயத்தைத் துடைக்க வருகிறான் என்று சீல் சார் நாற்காலியை ஒட்டிப் போட்டுக் காவலிருந்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது கீபோர்டைத் துண்டால் மூடினார்.

"அந்தப் பக்கம் திரும்பு."

"சுவத்தைத்தான் பாக்கறேன் மாமா."

"சுவத்துல கண்ணாடி மாட்டியிருக்கு."

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினான். "இந்த ஆட்டம் பழைய மெஷின்லதான் ஓடும். அதனால பழைய மெஷின் மாதிரியே நடிக்கற ஒரு புரோகிராமை இதுக்குள்ள வெப்போம். ஆட்டம் நம்பிடும்."

"ஏமாத்து வேலைங்கற."

"ஆமா மாமா."

"எவ்வளவு கூசாம சொல்றான் பாரு" என்றார் மனைவியிடம்.

ஆட்டம் உயிர் பெற்றது. அதே கொடி, அதே மதில், நிறைந்த களஞ்சியம்.

"யாரும் தொடக் கூடாது. கையைத் தூக்குடா."

நரைத்த தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான் மைத்துனன். திரையில் பயிர் முளைத்தது, விளைந்தது, காய்ந்தது. மழையும் வெயிலும் மாறி மாறிப் பளிச்சிட்டன. களஞ்சியம் வற்றியது, படை ஓடியது, மதில் பொலபொலவென்று உதிர்ந்தது. சீல் சார் ஒரு முறை இருமி முடிப்பதற்குள் ராஜ்ஜியம் காலி.

"இப்ப யாரு தொட்டாங்களாம்?" என்றார் மனைவி.

"வேகத்தைக் குறைக்க மறந்துட்டேன்" என்றான் மைத்துனன், கையை இறக்காமலே. "இந்த ஆட்டத்துக்குத் தனிக் கடிகாரம் கிடையாது மாமா. மெஷின் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வேகமா வருஷம் ஓடும்."

சீல் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அன்னிக்கு... மெஷின்ல ஏதோ மாத்தினோமே?"

"நீங்கதான் மாத்துனீங்க. புது பிராசசர். 'இனிமே பறக்கும் பாருடா'ன்னீங்க. அதுல ஆட்டத்தைத் திறந்தது அதுதான் முதல் தடவை. திறந்துட்டுப் பூட்டைப் பாக்கப் போனீங்க."



"கையைக் கீழ போடு மாப்ள" என்றார் சீல் சார். "வேகத்தைக் குறை."

திரை மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. மைத்துனன் பழக்கமாகச் சுவர்ப் பக்கம் திரும்பினான். சீல் சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொன்னார். சமையலறை வரை கேட்டது. 'இந்த புரோகிராமை நம்புகிறீர்களா?' என்ற கேள்விக்கு மைத்துனனே பதில் அழுத்திக்கொண்டான்.

பயிர் இப்போது பயிர் வளரும் வேகத்தில் வளர்ந்தது.

"இலை போட்டாச்சு, வாங்க" என்று மனைவி குரல் கொடுத்தார். சீல் சார் எழுந்தார்.

"மாமா, உங்க கோட்டை ஓடிட்டிருக்கே?"

"நீ பாத்துட்டு வா."

கை கழுவ வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனார். பூட்டு தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.