வெர்னன் டீக் நெஞ்சில் வாங்கிய பந்து

வெர்னன் டீக்குக்கு ஜனவரி மாதம் பிடிக்காமல் போய் நான்கு வருஷமாகியிருந்தது. அதற்கு முன்பு அந்த மாதத்துக்காகவே காத்துக்கிடப்பார். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, பனி ஜன்னல் உயரத்துக்குக் குவிந்துகிடக்கும் நாட்களில், கல்லூரி உள்ளரங்கத்தில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் லக்ரோஸ் ஆட்டத்தின் சுற்றுவட்டாரப் பயிற்சியாளர்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுப்பார். காசு வாங்குவதில்லை. வருகிறவர்களில் பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, பிளம்பர் உண்டு, பால்பண்ணைக்காரர் உண்டு; மகன் ஆடுகிறான் என்பதற்காக விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட அப்பாக்களும் உண்டு. பத்தொன்பது வருஷமாகக் கல்லூரி அணியை நடத்துகிறவர், தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுக்கிறாரே என்று அவர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய வகுப்பில் தடுப்பாட்டம் பற்றிப் பேசினார். கோலுக்கு வரும் பந்தைத் தடுக்க மட்டை எட்டாவிட்டால் உடம்பைக் கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்றார். சொன்னதோடு விடவில்லை. தன் கல்லூரிப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "அடிடா, பயப்படாம அடி" என்று சொல்லிவிட்டு, கவசம் இல்லாமல் முன்னால் போய் நின்றார். கெட்டி ரப்பர் பந்து நெஞ்சில் மோதியது. ஒரு கணம் மூச்சு நின்று, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? வலிக்கும், ஆனா செத்துப்போயிட மாட்டோம்." கூடம் கைதட்டியது. பலர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஏப்ரலில், முப்பது மைல் தள்ளியிருக்கும் பெல்ஃபோர்ட் ஊரில், கோல்பி ரான்சம் என்ற பதினாறு வயதுப் பையன் மாலைப் பயிற்சியில் அப்படியே பந்துக்கு முன்னால் போய் நின்றான். பந்து நெஞ்சில் பட்டதும் இரண்டு அடி நடந்தான். மூன்றாவது அடியில் முகம் குப்புற விழுந்தான். இதயம் நின்றுவிட்டது. மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி பள்ளி அலுவலகத்தில் இருந்தது; அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி வந்து, பெட்டி வந்து, இதயம் மறுபடி துடிக்க ஏழு நிமிஷம் ஆனது. பையன் பிழைத்தான். ஆனால் பழைய கோல்பி திரும்பி வரவில்லை.

வெர்னன் இதைச் செய்தித்தாளில்தான் படித்தார். அணியின் பயிற்சியாளர் பெயர் லைல் கம்மிங்ஸ் என்று போட்டிருந்தது. ஜனவரி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்த பிளம்பர். வெர்னனின் பெயரைச் செய்தியில் யாரும் சொல்லவில்லை. கல்லூரி வக்கீலிடம் கேட்டார். "நீங்களா போய் எதுவும் பேசாதீங்க" என்றார் அவர். அந்த வார்த்தையை வெர்னன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அணிப் பையன்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஓர் அட்டையைக் கோல்பிக்கு அனுப்பினார். அதோடு சரி.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஜனவரிகளிலும் தரையில் உருளும் பந்தை எடுப்பது, பந்தைக் கைமாற்றுவது என்று பாதுகாப்பான விஷயங்களாகப் பார்த்து எடுத்தார். மனைவி ராஸ் ஒருமுறை கேட்டாள்: "வெர்ன், உனக்குத் தெரிஞ்சதுல பாதியை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்க?" அவர் பனி வாரப் போய்விட்டார்.

நான்காவது ஜனவரியில் கூடத்துக்குள் நுழைந்ததும் லைல் கண்ணில் பட்டார். கடைசி வரிசை. கையில் நோட்டு இல்லை. தாடி நரைத்திருந்தது. விபத்துக்குப் பிறகு அவர் பயிற்சி கொடுப்பதை விட்டுவிட்டதாகக் கேள்வி. அப்படியானால் எதற்கு வந்திருக்கிறார்? ஒரு மணி நேரம் பந்தெடுப்பதைப் பற்றியே பேசினார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு, புதிதாக வந்திருந்த ஓர் இளம் வாத்தியார் கையைத் தூக்கினார். "கோச், அந்த வீடியோல நெஞ்சுல வாங்குவீங்களே, அதை ஒருதடவை செஞ்சு காட்டுங்களேன். எங்க பசங்களுக்கு அதைப் போட்டுக் காட்டித்தான் தைரியம் வரவழைக்கிறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்னன் லைலைப் பார்த்தார். லைல் இவரைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீடியோவை அழிச்சிடுங்க" என்றார் வெர்னன்.

"ஏன் கோச்?"

"நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. பந்து சரியான நேரத்துல சரியான இடத்துல பட்டா இதயம் நின்னுடும். அன்னிக்கே எனக்கு அது தெரியும். எங்கேயோ படிச்சிருந்தேன். நமக்கெல்லாம் நடக்காதுன்னு நெனைச்சேன். நீங்க கைதட்டுவீங்கன்னு செஞ்சேன்."

பால்பண்ணைக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இப்பதான் புதுக் கவசம் வந்துடுச்சே கோச். அதைப் போட்டுத்தான் ஆடணும்னு விதியே இருக்கு."

"கவசம் ஆபத்தைக் குறைக்கும். இல்லாம பண்ணிடாது."

லைல் எழுந்தார். அவர் பேசப்போகிறார் என்று வெர்னன் நினைத்தார். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போனார்.

வெர்னன் வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். வண்டி நிறுத்துமிடத்தில் பனிக்காற்று முகத்தில் அறைந்தது. லைல் தன் வேனின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நான் அந்த வீடியோவைப் பசங்களுக்குப் போட்டுக் காட்டினேன்" என்றார் லைல். "நீங்க சிரிக்கிற இடத்துல நிறுத்தி, 'பாருங்கடா, இவர் எவ்வளவு பெரிய ஆளு, இவரே நிக்கிறார்'னு சொன்னேன். கோல்பிதான் முன்னாடி உக்காந்திருந்தான்."

"அப்படித்தான் நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் வரலை? நாலு வருஷம். ஊர்ல என்னைப் பாத்தா ஜனங்க கடையில வேற வரிசைக்கு மாறிப் போறாங்க. நீங்க ஒரு கார்டு அனுப்பினீங்க."

"வக்கீல் பேச வேண்டாம்னாரு..." என்று ஆரம்பித்த வெர்னன் நிறுத்தினார். "பயந்துட்டேன், லைல். அவ்வளவுதான்."

"நான் மட்டும் பயப்படலையா?" லைல் வேனில் ஏறினார். "இன்னிக்கு நீங்க என்னதான் சொல்றீங்கன்னு பாக்க வந்தேன். பாத்துட்டேன். கோல்பி அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது?"

அடுத்த சனிக்கிழமை வெர்னன் தனியாக பெல்ஃபோர்ட் போனார். கோல்பியின் தாய் டெனிஸ் ரான்சம், சமையலறை மேசையில் அவரை உட்காரவைத்தாள். காபி கொடுக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவுமில்லை.

"இதைச் சொன்னதால உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்" என்றாள் கடைசியில். "எனக்கு அப்படி எதுவும் இல்லை. நாலு வருஷமா லைலைத் திட்டிட்டு இருந்தேன். இப்ப அதையும் பாதியாக்கிட்டீங்க."

மாடிப்படியில் காலடிச் சத்தம். இருபது வயது கோல்பி, கைப்பிடியை இறுகப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். வெர்னனின் சட்டையில் இருந்த கல்லூரிச் சின்னத்தையே பார்த்தான்.

"கோச்... இன்னிக்கு... பயிற்சி இருக்கா?"

வெர்னன் டெனிஸைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு இல்லப்பா" என்றார். "வெளிய பனி பெய்யுது."

"சரி" என்றான் கோல்பி. போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றான். தாய் எழுந்து பாலை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் வெர்னன் இரண்டு இடங்களில் வண்டியை ஓரம்கட்ட வேண்டியிருந்தது.

வக்கீல் சொன்னதை மீறிப் பேசியதற்காகக் கல்லூரியில் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. ஜனவரி வகுப்பை அவர் நிறுத்தவுமில்லை. இப்போதெல்லாம் முதல் ஒரு மணி நேரம் பந்தே கிடையாது. யாரோ இதயம் நின்று விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலை: ஒருவர் விழுந்தவரின் நெஞ்சை அழுத்த வேண்டும், ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், ஒருவர் மின்னதிர்ச்சிப் பெட்டியை எடுக்க ஓட வேண்டும். கையில் கடிகாரத்தோடு வெர்னன் நிற்பார். மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தால் ஓட விட்டே கொல்கிறார் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். கூட்டமும் முன்னளவு இல்லை.

முதல் வருஷம் லைலுக்குக் கடிதம் எழுதிக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அடுத்த வருஷமும் எழுதினார்.