பதினான்காம் பக்கமும் ஒரு பெட்டி சோடாவும்

போன கிழமை என்னுடைய மூன்று வசனங்கள் அச்சில் வந்தன.

இதில் என்ன புதினம், இந்தப் பத்தியில் கிழமைக்குக் கிழமை வருகிறதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இது வேறு. ஒரு கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வந்தது. பதினான்காம் பக்கம். மேலே இரணைமடுக் குளத்துத் தண்ணீர்ப் பங்கீடு, கீழே தெருவில் அலையும் கட்டாக்காலி மாடுகளுக்கு ஒரு முடிவு – நடுவிலே நான்.

“கருவில் தொடங்கும் ஒவ்வொரு உயிரும் எங்கள் உயிர். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எங்கள் எல்லோருடைய பிள்ளை. எந்தத் தாயும் தனித்து விடப்படமாட்டாள்.”

வடிவாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கி அந்தப் பக்கத்தை எத்தனை தரம் விரித்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து மற்றவர்களுடைய கையொப்பத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு கட்சி என்னுடைய வசனத்துக்குக் கீழே தன் சின்னத்தைப் போட்டால் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும்.

எங்கள் குழுவைப் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் எட்டுப் பெண்கள். சிலர் கோயிலுக்குப் போகிறவர்கள், சிலர் சேர்ச்சுக்கு. ஞாயிறு பின்னேரங்களில் கிளிநொச்சியில் ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில், குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் இடிக்க இருந்து கூட்டம் வைப்போம். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தலாம் என்று கொழும்பில் அடிக்கடி கதை அடிபடுகிறது அல்லவா? அதற்கு எதிராகக் கையெழுத்துச் சேர்ப்பது, கட்சிகளைப் பிடித்து அவர்களுடைய விஞ்ஞாபனத்தில் ஒரு வரி எழுதுவிப்பது... இதுதான் எங்கள் வேலை. வயிற்றில் இருப்பதும் பிள்ளைதான் என்று நம்புகிறவள் நான். இன்றைக்கும் நம்புகிறேன். அதில் மாற்றம் இல்லை. மாற்றம் வேறு இடத்தில்.

மூன்று கட்சிகளின் படலையைத் தட்டினோம். ஒருவர், “உங்கட குழுவிலை எத்தினை வோட்டு இருக்கும்?” என்று கேட்டார். எட்டு என்றதும் ஒரு தேத்தண்ணீர் தந்து அனுப்பிவிட்டார். இரண்டாமவர் சட்டம் வந்தபிறகு பார்ப்போம் என்றார். மூன்றாமவர் இளம் வேட்பாளர், மரியாதையான பிள்ளை. நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “அக்கா, மனசைத் தொடுற மாதிரி ஒரு கதை இருந்தாச் சொல்லுங்கோ” என்றார்.

சொன்னேன். கலைவாணியின் கதையை.

பேர் சொல்லவில்லை. ஆனால் கதையைச் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிய நாளில்தான் அவளைக் கண்டோம். காமென்ற்ஸில் தைக்கிற பிள்ளை. இருபத்துநான்கு வயது. ஸ்கந்தபுரத்துக்கும் அங்காலே, மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய சனங்கள் இருக்கிற ஒரு ஒடுங்கிய தெருவில், ஒழுங்கையில், தாயோடு இருக்கிறாள். கையெழுத்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எங்கள் குழுவில் ரெஜினா அக்கா ஓய்வுபெற்ற மிட்வைஃப். நிற்கிற நிலையைப் பார்த்தே அவாவுக்கு விளங்கிவிட்டது.

கட்டுகிறேன் என்று சொன்னவன் கட்டாருக்குப் போய்விட்டான். ஃபோன் நம்பரும் மாறிவிட்டது. அவளுடைய கைக்குள் மடித்த ஒரு துண்டு இருந்தது. அடுத்த நாள் காலை போகவேண்டிய ஒரு இடத்தின் விலாசம்.

முன்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குட்டிக் கதிரையில் இருத்தி, நானும் ரெஜினா அக்காவும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். நாங்கள் என்றால்... நான்தான் கதைத்தேன். அவள் கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

“பிள்ளை வேண்டாம் எண்டு எனக்கு இல்லை அக்கா. ஒழுங்கையிலை அம்மாவாலை தலை நிமிர்த்தேலாது. தகப்பன் இல்லாத பிள்ளையை ஆர் வந்து பாப்பினம்?”

இந்தக் கேள்வியின் பாரம் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு விளங்கும். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற பிறப்புத் தீட்டைக் கழிப்போம். சொந்தமும் அயலும் சோப்பு, பவுடர், சட்டை என்று கொண்டுபோய்ப் பிள்ளை பார்ப்பார்கள். யார் வந்தது, யார் வரவில்லை என்று ஊர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறப்புப் பத்திரத்தை விட அன்றைக்கு முற்றத்தில் வந்திருக்கிற ஆட்கள்தான் அந்தப் பிள்ளைக்கு அத்தாட்சி.

எனக்கு வசனம் சுலபமாக வரும், முப்பது வருடப் பழக்கம். வந்தது.

“நாங்கள் வருவம். முப்பத்தொண்டுக்கு எட்டுப் பேரும் வான் பிடிச்சுக்கொண்டு வருவம். உன்ர முத்தத்திலை வந்து இருப்பம். அதுக்குப் பிறகு ஆர் கதைக்கிறது எண்டு பாப்பம்.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த மடித்த துண்டை ரெஜினா அக்காவிடம் கொடுத்தாள்.

இந்தக் கதையைத்தான் வேட்பாளரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. பதினான்காம் பக்கம் கிடைத்தது.

பெண் பிள்ளை பிறந்தது. ரெஜினா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தா. நான் போகவில்லை. விஞ்ஞாபன வேலை. ‘உயிரும்’ என்பதா ‘உயிர்களும்’ என்பதா என்று கட்சிக்காரர்களோடு இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றுக்குப் பத்து நாளுக்கு முதல் கலைவாணி ஃபோன் எடுத்தாள். “ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு அக்கா. ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டன், அக்காமார் வருவினம் எண்டு.” ஓம், ஓம், வாறம் என்றேன்.

அதே ஞாயிறுதான் விஞ்ஞாபன வெளியீடு என்று பிறகு அறிவித்தார்கள்.

ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ‘வெளியீடு முடியப் பின்னேரம் போகலாம்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்டபத்தில் எட்டுப் பேரும் முன் வரிசை. பொன்னாடை போர்த்தினார்கள். மத்தியானச் சாப்பாடு. பிறகு படம் எடுப்பு. திரும்பி வருகிறபோது வானில் ரெஜினா அக்கா, “இண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர முப்பத்தொண்டெல்லோ?” என்று கேட்டா. வானுக்குள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“நாளைக்குப் போவம்” என்றேன்.

மறுநாள் வேறு ஒருவருக்கும் வசதிப்படவில்லை. நான் மட்டும் போனேன். ஒரு பேபி சோப் பெட்டி, ஒரு சட்டை, விஞ்ஞாபனப் புத்தகம் ஒன்று. புத்தகம் எதற்கு என்று கேட்கிறீர்களா? அவளுக்குக் காட்டத்தான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பவே முற்றத்தில் கதிரைகள் தெரிந்தன. சிவப்பு பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. சனசமூக நிலையத்தில் இரவல் வாங்கியவை. திருப்பி எடுத்துக்கொண்டு போக டிராக்டர் பின்னேரம்தான் வருமாம். முற்றத்தில் போட்ட தகரப் பந்தலை ஒரு பக்கம் கழற்றியிருந்தார்கள்.

கலைவாணியின் தாய் செல்லம்மா ஓடி வந்தார். “வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க” என்று அடுக்கிலிருந்து ஒரு கதிரையை இழுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். ஏன் நேற்று வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பேன்.

நானாகவே சொன்னேன். “நேற்று ஒரு கூட்டம்...”

“பரவாயில்லம்மா. பெரிய வேலை இருக்கும் உங்களுக்கு. எங்க பக்கம் இதெல்லாம் முன்னாடியே முடிச்சிருவோம். நீங்க முப்பத்தொண்ணுன்னு சொன்னீங்கன்னு புள்ளைதான், இல்லம்மா, அவங்க முறைப்படியே செய்வோம்னு சொல்லுச்சு.”

எனக்காகத் தங்களுடைய நாளையே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கலைவாணி பிள்ளையோடு வெளியே வந்தாள். எங்களோடு கதைக்கும்போது அவள் எங்களைப் போலவே கதைப்பாள், தாயோடு என்றால் தாயைப் போல. “ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்தது அக்கா. தேத்தண்ணி குடிச்சிட்டு, எங்க உன்ர அக்காமார் எண்டு கேட்டுட்டுப் போச்சுது.” கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான்கு மணிவரை படலையடியில் நின்றாளாம். பிறகு தாய் உள்ளே கூப்பிட்டுவிட்டாவாம்.

பிள்ளையைக் கையில் வாங்கினேன். வியர்த்துப்போய் இருந்தது. புத்தகத்தை நீட்டினேன். “உன்ர கதையாலைதான் இது வந்தது” என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

அவள் பதினான்காம் பக்கத்தை மெதுவாக வாசித்தாள். கடைசி வரியை வாய்விட்டு வாசித்தாள். “எந்தத் தாயும் தனித்து விடப்படமாட்டாள்.” பிறகு, “வடிவா எழுதியிருக்கிறியள் அக்கா” என்றாள். நக்கல் இல்லை. நக்கலாக இருந்தால் தாங்கியிருப்பேன். புத்தகத்தை இரண்டாக மடித்துப் பிள்ளைக்கு விசிறத் தொடங்கினாள். அந்தப் புத்தகம் இன்றுவரை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

அப்போதுதான் செல்லம்மா குசினியிலிருந்து ஒரு சோடாப் போத்தலோடும் திறப்பானோடும் வந்தார். குசினி வாசலில் ஒரு பெட்டி சோடா இருந்தது. இருபத்துநான்கு போத்தல். அவர் கையில் இருந்ததைத் தவிர ஒன்றும் குறையவில்லை.

“இவ்வளவும் ஏன் வாங்கினீங்கள்?” என்று கேட்டேன்.

“உங்க எட்டுப் பேருக்கும்தாம்மா. கூட யாரும் வந்தாலும் பத்தணும்ல. மத்தவங்களுக்கு டீதான் குடுத்தோம்.” என் கண்ணுக்கு முன்னால் மூடியைத் திறந்து, கிளாஸ் ஒன்றும் தராமல், போத்தலை அப்படியே கையில் தந்தார். “மூடி தொறக்காததும்மா. நாங்க ஒண்ணும் தொடல. நீங்க தாராளமா குடிக்கலாம்.”

மூடி திறக்காதது.

விளங்குகிறதா? வெளியூர் வாசகர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தடியில் காணி எடுத்த குடும்பங்கள், வயலில் வேலைக்கு வந்த இந்தச் சனங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கத் தனிக் கோப்பை வைத்திருந்தவர்கள். என் வீட்டிலும் இருந்தது. யன்னல் கட்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போக நேர்ந்தால் அவர்கள் குசினியில் ஊற்றியதைக் குடிக்கமாட்டோம். சோடா என்றால் குடிப்போம். கடையில் அடைத்தது பாருங்கள், அதில் அவர்களுடைய கை படவில்லை. இதெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று இதே பத்தியில் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

அவர்கள் எங்களை எங்களை விட வடிவாக அறிந்து வைத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தவர்கள் வரும்போது சங்கடப்படக் கூடாது, குடிக்காமல் எழும்பக் கூடாது என்று யோசித்து ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள்.

நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? ஞாயிறு பின்னேரம் வான் அந்த வழியால்தான் வந்தது, ஏன் திருப்பச் சொல்லவில்லை? விஞ்ஞாபன வேலை என்று இவ்வளவு நேரமும் உங்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். என்னுடைய சொந்தக்காரப் பிள்ளையின் முப்பத்தொன்று என்றால் பொன்னாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அந்த இடத்தில் நான், “சோடா வேண்டாம், ஒரு தேத்தண்ணி போடுங்கோ” என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. வசனங்கள் சுலபமாக வருகிறவள்தானே?

சொல்லவில்லை. குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வெறும் போத்தலைக் கொடுத்தேன். செல்லம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததற்குப் பிறகு எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

வருகிற ஞாயிறு எட்டுப் பேரும் போகவேண்டும் என்று ரெஜினா அக்கா பிடிவாதமாக நிற்கிறா. போவோம். ஆனால் முப்பத்தொன்று ஒரு பிள்ளைக்கு ஒரு தரம்தான் வரும். நான்கு மணிவரை அவள் படலையடியில் நின்ற அந்த நேரத்தை நான் எந்தப் பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பது?

நேற்றுக் காலை வேட்பாளர் ஃபோன் எடுத்தார். “அக்கா, நீங்கள் சொன்ன அந்தத் தாயையும் பிள்ளையையும் எங்கட கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வரேலுமோ? மேடையிலை ஒரு படம் எடுத்தா நல்லா இருக்கும்.”

“அவை மேடைக்கு வரமாட்டினம் தம்பி. நீங்கள் அங்க போங்கோ. பிள்ளையைப் பாத்து, அந்த வீட்டிலை ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.”

எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன்.

“போகலாம் அக்கா... அங்க சோடா கீடா ஏதும் இருக்கும்தானே?”

“இருக்குது தம்பி. ஒரு பெட்டி. இருபத்திநாலிலை இருபத்திமூண்டு மிச்சம். ஒண்டை நான் குடிச்சிட்டன்.”