அடுத்த சொல்லைக் கேட்கும் உத்தியோகம்

ஊரார் வாயைப் பிடுங்குவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் உதவியாளன். கம்ப்யூட்டருக்குத் தமிழ் புரிய வேண்டுமானால், அடுத்து வருவதை மனிதர்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. கம்ப்யூட்டரை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. ஒரு வரியை அட்டையால் மூடி, எழுத்தெழுத்தாகத் திறந்து, "அடுத்தது என்ன?" என்று கேட்பது என் வேலை. முன்பின் தெரியாதவரிடம் தாளை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு என் பாடு புரியும். ஆராய்ச்சி நின்றால் அப்பாவின் அரிசி மண்டியில் மூட்டை எண்ண வேண்டும். அதற்குப் பயந்தே அட்டையோடு தெருத்தெருவாக அலைந்தேன்.

பத்துப் பாட்டு

ஸ்ரீரங்கத்துக்கு ஓர் ஆழ்வார் பாசுர வரியை எடுத்துப் போனது என் புத்திசாலித்தனம். உத்தர வீதியில் ஒரு பெரியவர், இரண்டு எழுத்தைத் திறந்ததுமே கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டார். வரி முடிந்தது, பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு தொடங்கியது. அட்டையும் கையுமாக நின்றேன். பத்தும் முடிந்த பிறகுதான் கண் திறந்தார். "எடுத்தா பத்தும் சேவிச்சுடணும். நடுவுல நிறுத்தற வழக்கம் கிடையாது."

கண்ணாடி மறந்த காதர் பாய்

அதன் பிறகு, யாரும் மனப்பாடம் செய்யாத வீட்டுக் கடிதங்களுக்கு மாறினோம். பெரிய கடைவீதி ஜவுளிக்கடை காதர் பாய் அன்று கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டார். "படிங்க தம்பி, கேக்கறேன்" என்றார். படித்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினேன். சட்டென்று அடுத்த சொல்லைச் சொன்னார். மறுபடி நிறுத்தினேன், மறுபடியும் சரி. எனக்குப் புல்லரித்தது. காது போதுமென்றால், எழுத்தே தெரியாதவர்களையும் கேட்கலாமே. எப்படி பாய் முடிகிறது என்றேன்.

"வர்றவங்க வாயைத் திறக்கறப்பவே என்ன கேப்பாங்கன்னு தெரியலேன்னா, கடை நடத்த முடியுமா தம்பி?"

மருதாயி அக்கா

ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவந்து ஸ்ரீரங்கத்தில் விற்கும் மருதாயி அக்காவுக்குக் கைநாட்டுதான். அவர் விடைகளையும் சேர்த்துப் பேராசிரியர் அறிக்கை அனுப்பினார். ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழுவிலிருந்து ஒரு தமிழறிஞர் நேரிலேயே வந்துவிட்டார். "எழுத்தறியாதவளின் ஊகமெல்லாம் ஆராய்ச்சியா?" என்றவர், அதை நீக்காவிட்டால் அனுமதி ரத்து என்றார். பேராசிரியர் முகம் வெளிறிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவங்களோட நீங்களும் ஒரு தடவை உக்காந்து பாருங்க ஐயா" என்றேன்.

வாழைக்கடைக்கே போனோம். நான் ஒரு வீட்டுக் கடிதத்தைப் படித்து நடுநடுவே நிறுத்துவேன்; அறிஞர் விடையைத் தாளில் எழுத வேண்டும். அக்கா பேராசிரியர் காதில் சொல்ல வேண்டும். "மேற்கே நல்ல மழை. ஆற்றில் தண்ணீர்" என்று நிறுத்தினேன். அறிஞர் "பெருக்கெடுத்தது" என்று எழுதினார். அக்கா சொன்னது "வந்துருச்சு". கடிதத்தில் இருந்தது "வந்துவிட்டது". பக்கம் முழுக்க இதே கதை. அறிஞருக்கு அழகான சொற்களாக வந்தன, அக்காவுக்குச் சரியான சொற்களாக வந்தன. கடைசி விடையையும் ஒப்பிட்ட அறிஞர் பேனாவை மூடினார். மறுபடி அதைத் திறந்து, அறிக்கையில் ஒரு வரியைக்கூட அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நான் குதிக்காத குறை. "ஜெயிச்சுட்டீங்க அக்கா" என்றேன். அவர் தாரைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னார்: "ஐயா நல்லாத்தான் சொன்னாரு தம்பி. ஆனா வீட்டுக்கு யாரு அப்படி எழுதுவா?"

கம்ப்யூட்டரைக் கண்ணால் காணாமலே, அதற்கு ஜீயபுரத்தில் ஒரு டீச்சரைப் பார்த்துக்கொடுத்துவிட்டு, அரிசி மூட்டை எண்ணாமல் தப்பித்தவன் நான்.