பால்மரக் காடு காடல்ல

செவ்வாய்க்கிழமை காலை படகுத்துறை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது மல்லிகா அக்காவின் கணவர் அழைத்தார். "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். வந்த பஸ்ஸில் ஏறக்கூடத் தோன்றவில்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன வரைபட நிறுவனத்தில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழைய வான்படங்களையும் இன்றைய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, நாட்டின் காடுகள் எப்படி மாறின என்று வரைவது அக்காவின் வேலை. கோபக்காரி. சிரிப்பும் அதே வேகத்தில் வரும்.

தமிழ்ப்பள்ளிகளுக்காக அன்றைய காட்டையும் இன்றைய காட்டையும் அருகருகே காட்டும் சுவர்ப்படம் தயாரானபோது நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மலாய் மூலத்தில் காடு வேறு, தோட்டம் வேறு. தமிழில் எழுதியவரோ ரப்பர் தோட்டத்தையும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தையும் நாம் பேசுகிற மாதிரியே 'பால்மரக் காடு', 'செம்பனைக் காடு' என்று போட்டுவிட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா! தாத்தா காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் காடு கொஞ்சம்கூடக் குறையல லா!" பிறகு முகம் மாறிவிட்டது.

"நம்ம ஆளுங்க அப்படித்தானே சொல்றாங்க, விடுங்க லா" என்றார் முதலாளி.

"எங்கம்மாவும் 'காட்டுக்குப் போறேன்'னுதான் கிளம்புவாங்க, பாஸ். போனது பால் எடுக்க மரம் சீவ. அது காட்டை அழிச்சு நட்ட இடம். இதைப் படிக்கிற பிள்ளைங்க காடு பத்திரமா இருக்குன்னுல்ல நினைக்கும்?"

சொன்னதோடு நிற்காமல், கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அம்மாவுக்கு எல்லாரும் கேட்கும்படி போன் போட்டார். "ஏம்மா, நீங்க வேலை செஞ்ச காட்டுல புலி ஏதும் பார்த்தீங்களா?"

"புலியா? கங்காணியத்தான் பார்த்தேன்."

முதலாளியே சிரித்துவிட்டார். திருத்தவும் ஒப்புக்கொண்டார்.

வேலை முடிவதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அச்சுக்குப் போகும் முன் படத்தை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். படிக்கத் தெம்பில்லை. "காடுன்னு எங்கெல்லாம் இருக்கு? என் கையை வெச்சுக் காட்டு" என்றார். பழைய படத்தில் அவர் உள்ளங்கையை விரித்து வைத்தேன். அப்போதும் காடு வெளியே வழிந்தது. இன்றைய படத்தில் ஒற்றை விரலை அங்கொன்றும் இங்கொன்றுமாக நகர்த்தினேன். சீக்கிரமே முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

அக்கா அழுதார். எனக்கும் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இப்படியே அனுப்பு. பாவமேன்னு எங்கேயும் கூட்டிப் போட்டுடாதே" என்றார்.

கூட்டவில்லை, அக்கா. படம் பள்ளிகளுக்குப் போய்விட்டது. அச்சாகி வந்ததை உங்களுக்குக் காட்ட முடியவில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் 'காடு' என்று எழுதப் போனால் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தயக்கம்தான்.